1024 புள்ளி எஃப்எஃப்டி: பெருக்கிகளை எண்ணுவதற்கு முன் எண்ண வேண்டியவை

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரங்கள் இவை. ஒரு எஃப்பிஜிஏவில், அதாவது உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில், குறிப்பலையில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் 1024 புள்ளி வேக ஃபூரியர் உருமாற்றத்தை, அதாவது எஃப்எஃப்டியை, தொடர்ந்து கணக்கிட வேண்டும். மாதிரிகள் நொடிக்கு 2 கோடி என்ற வீதத்தில் 12 பிட் கலப்பெண்களாக (மெய்ப்பகுதி 12 பிட், கற்பனைப் பகுதி 12 பிட்) இடைவிடாமல் வருகின்றன. சிப்பின் கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ். படித்த இடங்களிலெல்லாம் ரேடிக்ஸ்-2, ரேடிக்ஸ்-4, ரேடிக்ஸ்-2² என்று பட்டியல் நீள்வதால் (ஒரு சிறு கணக்கில் எத்தனை புள்ளிகளைச் சேர்த்து எடுக்கிறோம் என்பதே ரேடிக்ஸ்), இவற்றில் பெருக்கிகள் மிகக் குறைவாகத் தேவைப்படுவது எது என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது, சிப்பின் வளங்களை வீணடிக்காமல் நேரத்துக்குள் சரியான விடையைத் தரும் அமைப்பு எது என்பதற்கான பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இவை இரண்டும் ஒரே கேள்வி அல்ல. முதல் கேள்விக்குச் சரியாக விடை கண்டு, இரண்டாவதில் கோட்டை விட்ட வடிவமைப்புகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

பெருக்கல்களை எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 1024 புள்ளிகளின் ஃபூரியர் உருமாற்றத்தை வரையறையின்படியே கணக்கிட்டால் 10,48,576 கலப்பெண் பெருக்கல்கள் தேவை. கூலியும் டியூக்கியும் 1965-இல் வெளியிட்ட முறையில் அதே வேலை, கட்டத்துக்கு 512 வீதம் பத்துக் கட்டங்களில் 5,120 பட்டர்ஃபிளைகளாக, அதாவது இரண்டு எண்களை வாங்கி இரண்டு எண்களைத் தரும் சிறு கணக்குகளாக, சுருங்கிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கலப்பெண் பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். (இதே கருத்தைக் கணிதவியலாளர் காஸ் 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தார் என்பது பிற்பாடுதான் கவனத்துக்கு வந்தது.) பெருக்கல் மிக மெதுவாக நடந்த கணினிகளின் காலத்தில் அந்த எண்ணிக்கையைக் கொண்டே செலவை அளந்தது நியாயம்தான். இன்றைய எஃப்பிஜிஏவில் பெருக்கி என்பது ஆயத்தமாகப் பதித்துவைத்த ஒரு டிஎஸ்பி பிளாக். இப்போது சிக்கல் வருவது தரவை எங்கே வைப்பது, கிளாக்கின் ஒரே துடிப்பில் எத்தனை சொற்களை (ஒரு நினைவக இடத்தில் உள்ள மதிப்பே ஒரு சொல்) எடுத்து எத்தனை சொற்களைத் திரும்ப எழுதுவது, ஒவ்வொரு சொல்லும் எத்தனை பிட் அகலம் இருக்க வேண்டும் என்பவற்றில்தான்.

ஆகவே ரேடிக்ஸைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுவிட வேண்டும். நொடிக்கு 2 கோடி வீதம் 1024 மாதிரிகள் சேர 51.2 மைக்ரோநொடி ஆகும். அந்த நேரத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக் 10,240 முறை துடிக்கும். ஒரே ஒரு பட்டர்ஃபிளை அலகை வைத்து, துடிப்புக்கு ஒரு பட்டர்ஃபிளை வீதம் செய்தால் 5,120 துடிப்புகள் போதும். பத்துக் கட்டங்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் பைப்லைன் (பட்டர்ஃபிளையின் உள்ளே படிப்படியாக நகரும் கணக்குகளின் வரிசை) காலியாகக் காத்திருக்கும் நேரத்தைக் கட்டத்துக்குப் பத்துத் துடிப்பு என்று தாராளமாக வைத்தாலும் 5,220-க்குள் கணக்கு முடிந்துவிடும். விடையை வெளியே அனுப்ப 1,024 துடிப்புகளைச் சேர்த்தால் மொத்தம் 6,244. கையில் இருப்பது 10,240. எனவே இந்தத் தேவைக்கு என் பதில் தயக்கமில்லாதது: நினைவகத்தை மையமாகக் கொண்ட, ஒற்றை ரேடிக்ஸ்-2 பட்டர்ஃபிளை உள்ள அமைப்பு. கட்டுரைகள் புகழும், கட்டத்துக்கு ஒரு பட்டர்ஃபிளை வைத்து வரிசையாக இணைக்கும் பைப்லைன் அமைப்புகளை இங்கே வைத்தால், பத்துத் துடிப்பில் ஒன்பது துடிப்பு அவை சும்மா நிற்கும்.

இந்த விளிம்பு எப்போதும் இவ்வளவு தாராளமாக இருக்காது. 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி கைபேசி) அலைவரிசையில் மாதிரி வீதம் நொடிக்கு 3.072 கோடி, உருமாற்றம் 2048 புள்ளி. 2048 மாதிரிகள் சேரும் 66.7 மைக்ரோநொடியில் அதே கிளாக் சுமார் 13,333 முறை துடிக்கும். பட்டர்ஃபிளைகள் மட்டுமே 11,264. வெளியீட்டையும் சேர்த்தால் மூச்சு முட்டும். அங்கே நான் இரண்டு பட்டர்ஃபிளைகளையோ ரேடிக்ஸ்-4 அலகையோ வைப்பேன். 2048 என்பது 4-இன் அடுக்கு அல்ல என்பதால் ஒரு கட்டம் மட்டும் ரேடிக்ஸ்-2 ஆக நிற்க வேண்டிவரும்.

இனி ஒற்றைப் பட்டர்ஃபிளை அமைப்பின் உள்ளே. பட்டர்ஃபிளை ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு சொற்களைப் படித்து, இரண்டு சொற்களை அதே இடங்களில் திரும்ப எழுத வேண்டும். சாதாரண இரட்டை வாயில் ரேமில் துடிப்புக்கு ஒரு படிப்பும் ஒரு எழுத்தும்தான் நடக்கும் என்பதால் நினைவகத்தை இரண்டு வங்கிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைப்படை முகவரி ஒரு வங்கி, இரட்டைப்படை முகவரி இன்னொரு வங்கி என்றுதான் எல்லோரும் முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். அது ஒரு கட்டத்தில் மட்டும் வேலை செய்யும்; மற்ற கட்டங்களில் தேவையான இரண்டு சொற்களும் ஒரே வங்கியில் வந்து முட்டிக்கொள்ளும். இதற்குத் தீர்வு, முகவரியை இரும எண்ணாக எழுதி அதில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்த்து வங்கியைத் தேர்ந்தெடுப்பது. எந்தக் கட்டத்திலும் ஒரு பட்டர்ஃபிளையின் இரண்டு முகவரிகள் சரியாக ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபடும். எடுத்துக்காட்டாக 5 என்பது 0000000101, 13 என்பது 0000001101. முதலாவதில் இரண்டு 1-கள், இரண்டாவதில் மூன்று. ஒரு பிட் மாறினாலே ஒற்றை இரட்டையாகவும் இரட்டை ஒற்றையாகவும் ஆகிவிடுவதால் மோதலுக்கு இடமே இல்லை. இதற்கு ஆகும் செலவு, பத்துப் பிட்களில் ஒற்றை இரட்டை பார்க்கும் ஒரு எக்ஸார் கேட் மரம் மட்டுமே. வங்கிக்குள் முகவரியாக மீதமுள்ள ஒன்பது பிட்களை அப்படியே பயன்படுத்தலாம். முகவரிகளை உருவாக்குவதும் எளிது: ஓர் எண்ணியின் மதிப்பை 2-ஆல் பெருக்கி, அதையும் அதற்கு அடுத்த எண்ணையும், கட்ட எண் அளவுக்கு பிட்களைச் சுழற்றினால் இரண்டு முகவரிகளும் கிடைக்கும். கணினி அறிவியலாளர் டேனி கோஹன் 1976-இல் காட்டிய இந்த வழியை இன்றும் நான் அப்படியே எழுதுகிறேன்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு கட்டத்தின் கடைசி விடைகள் பைப்லைனிலேயே இருக்கும்போது அடுத்த கட்டம் படிக்கத் தொடங்கிவிட்டால், பழைய மதிப்புகள் கைக்கு வரும். கட்டங்களுக்கிடையே பைப்லைன் காலியாகும் வரை காத்திருப்பதே பாதுகாப்பு. அந்தப் பத்துத் துடிப்புகளை மிச்சம் பிடிக்க முயன்று கட்டுப்பாட்டைச் சிக்கலாக்குவது இந்த வீதத்தில் அர்த்தமற்றது. இப்படி இரு வங்கிகள் கொண்ட நினைவகத் தொகுதிகள் இரண்டு இருந்தால், ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் கணக்கும் வெளியீடும் நடக்கும். எஃப்எஃப்டியின் விடைகள் பிட் வரிசை தலைகீழான முகவரிகளில் கிடக்கும் என்ற புகழ்பெற்ற தொல்லையும் இங்கே இலவசமாகத் தீர்கிறது: படிக்கும்போது முகவரிக் கம்பிகளைத் தலைகீழாக இணைத்தால் போதும்.

மாதிரி வீதமே கிளாக் வேகத்துக்குச் சமமானால் நிலைமை மாறும். அப்போது பைப்லைன்தான் வழி. அதில் எனக்குப் பிடித்தது ஒற்றைப் பாதைத் தாமதப் பின்னூட்ட அமைப்பு. கட்டத்துக்கு ஒரு பட்டர்ஃபிளை, அதன் மேல் 512, 256, 128 என்று பாதியாகக் குறைந்துகொண்டே போகும் தாமத வரிசைகள். மொத்தம் 1,023 சொற்கள். 1996-இல் ஹீயும் டார்க்கல்சனும் முன்வைத்த ரேடிக்ஸ்-2² வடிவம் இதே நினைவகத்தோடு, 1024 புள்ளிக்கு 4 கலப்பெண் பெருக்கிகளே கேட்கிறது. சாதாரண ரேடிக்ஸ்-2-க்கு 8 வேண்டும். ரேடிக்ஸ்-4-க்கும் 4 பெருக்கிகள் போதும் என்றாலும் கூட்டிகள் 20-க்குப் பதிலாக 40 ஆகிவிடும். இதன் சூட்சுமம் எளியது: கற்பனை அலகால் பெருக்குவது பெருக்கலே அல்ல, மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் இடம் மாற்றி ஒரு குறியைத் திருப்புவதுதான். அத்தகைய பெருக்கல்களெல்லாம் ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் குவியும்படி ட்விடில் காரணிகளை (பட்டர்ஃபிளைகளில் பெருக்கப்படும் சைன், கொசைன் மதிப்புகளை) பிரித்தெழுதினால், அந்தக் கட்டங்களுக்குப் பெருக்கியே வேண்டாம். கேள்வியில் கேட்டபடி பெருக்கி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், துடிப்புக்கு ஒரு மாதிரி என்ற வகையில் விடை இதுதான். இந்த வகையில் அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் உண்டு. அதிர்வெண் பிரிப்பு வரிசையில் (விடைகளை இரட்டைப்படை, ஒற்றைப்படை அதிர்வெண்கள் என்று பிரித்துக்கொண்டே போகும் ஏற்பாட்டில்) பெரிய தாமதம் முதலில் வருகிறது, அப்போது சொற்கள் இன்னும் 12 அல்லது 13 பிட் அகலத்திலேயே இருக்கும். சொற்கள் அகலமாகும் கடைசிக் கட்டங்களில் தாமதம் 4, 2, 1 என்று ஒன்றுமில்லாமல் போய்விடும். அகலத்தைக் கட்டத்துக்குக் கட்டம் வளரவிட்டால் நினைவகத்தில் நல்ல மிச்சம் கிடைக்கும். நொடிக்கு நூறு கோடிக்கு மேல் மாதிரிகள் வந்தால் துடிப்புக்கு நான்கு, எட்டு என்று இணையாக வாங்கும் அமைப்புகள் வேண்டும். அதைத் தனிக் கேள்வியாகக் கேட்பது நல்லது.

மூன்று பெருக்கல் தந்திரத்தைப் பற்றியும் கேள்வி கேட்டவர் கேட்டிருந்தார். ஒரு கலப்பெண் பெருக்கலை நான்கு மெய்ப் பெருக்கல்களுக்குப் பதிலாக மூன்றிலேயே முடிக்கலாம் என்பது உண்மை. ட்விடில் காரணியின் கூட்டலையும் கழித்தலையும் முன்கூட்டியே அட்டவணையில் வைத்துக்கொண்டால் ஓட்டத்தில் கூடுதல் கூட்டல்களும் குறையும். ஆனால் இரண்டு 18 பிட் எண்களின் கூட்டல் 19 பிட். சைலிங்க்ஸ் நிறுவனத்தின் 7 வரிசைச் சிப்பின் டிஎஸ்பி பிளாக்கில் பெருக்கியின் ஒரு பக்கம் 25 பிட், மறுபக்கம் 18 பிட் என்பதால் 19 பிட்டை அகலமான பக்கத்தில் செலுத்திச் சமாளிக்கலாம். 18-க்கு 18 மட்டுமே உள்ள சிப்பில் அந்த ஒரே ஒரு பிட் உங்களை இன்னொரு பிளாக்குக்குத் தள்ளி, மிச்சப்படுத்தியதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். எப்படியானாலும், மொத்தமே நான்கு பிளாக்குகள் பயன்படுத்தும் அமைப்பில் ஒன்றை மிச்சம் பிடிப்பதற்காக நான் மெனக்கெட மாட்டேன். இதைவிட 45 பாகைக் கோணத்துக்கான 0.7071 மாறிலியைப் பெருக்கி இல்லாமலே கணக்கிடுவது பல இடங்களில் உதவும்: 181-ஐ 256-ஆல் வகுத்தால் 0.70703, 181 என்பது 128, 32, 16, 4, 1 ஆகியவற்றின் கூட்டல், எனவே ஐந்து நகர்த்தல்களும் நான்கு கூட்டல்களும் போதும்.

சொல் நீளத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், அதிகத் தவறுகளையும் அங்கேதான் பார்த்திருக்கிறேன். எந்த இழப்பும் இல்லாமல் வளரவிட்டால் 12 பிட் உள்ளீடு பத்துக் கட்டங்களுக்குப் பின் 22 பிட் ஆகும், கலப்பெண் சுழலும்போது ஒரு பகுதி மட்டும் 2-இன் வர்க்கமூலம் மடங்கு வரை பெருகக்கூடும் என்பதால் இன்னொரு பிட்டும் வேண்டும், ஆக 23. ஒற்றைப் பட்டர்ஃபிளை அமைப்பில் நினைவகத்தின் எல்லா இடங்களும் இந்த உச்ச அகலத்தைத் தாங்க வேண்டும். நான் பரிந்துரைப்பது பகுதிக்கு 18 பிட். இரு பகுதிகளும் சேர்ந்து 36 பிட், வங்கிக்கு 512 சொற்கள். 7 வரிசைச் சிப்பின் 18 கிலோபிட் ரேம் பிளாக் ஒன்றில் இது இம்மியளவும் மீதியில்லாமல் பொருந்துகிறது. இரண்டு தொகுதிகளுக்கு நான்கே பிளாக்குகள்.

வளர்ச்சியை அடக்க எளிய வழி, ஒவ்வொரு கட்டத்திலும் விடையைப் பாதியாக்குவது. இரைச்சல் போன்ற உள்ளீட்டுக்கு இதனால் கட்டத்துக்கு அரை பிட் வீதம், பத்துக் கட்டங்களில் ஐந்து பிட் அளவுக்குக் குறிப்பலை தேய்ந்துபோகும். 12 பிட்டை 18 பிட்டின் மேற்பகுதியில், சுழற்சி வளர்ச்சிக்காக உச்சியில் ஒரு பிட் காலி விட்டு வைத்தால், கீழே ஐந்து பிட் மீதம் இருக்கும்; தேய்மானம் ஏறத்தாழ அதிலேயே அடங்கிவிடும். அந்த நிலையில் உட்கணக்கில் பிட்களை உதிர்ப்பதால் வரும் முழுமையாக்கல் இரைச்சல், குறிப்பலையை எண்ணாக்கும் உள்ளீட்டு மாற்றியின் இரைச்சலோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்து நிற்கும் என்பது என் கைக்கணக்கு. இதை உறுதியான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குறிப்பலையை வைத்து பிட்டுக்கு பிட் ஒத்துப்போகும் மென்பொருள் மாதிரியில் சோதித்துப் பாருங்கள். அது போதாதென்றால் தொகுதி மிதவைப் புள்ளி முறைக்குப் போகலாம்: ஒரு கட்டத்தின் விடைகளில் மிகப் பெரியதைக் கவனித்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த கட்டத்தில் எல்லாவற்றையும் நகர்த்தி, நகர்த்திய எண்ணிக்கையை ஒரே அடுக்கெண்ணாகக் குறித்துக்கொள்வது. ஒரு கட்டம் முழுவதும் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் ஒற்றைப் பட்டர்ஃபிளை அமைப்பில் இது இயல்பாகப் பொருந்தும். பைப்லைனில் முழுத் தொகுதியும் கடந்துபோகும் முன்பே முடிவெடுக்க வேண்டியிருப்பதால், அங்கே இது கூடுதல் நினைவகத்தைக் கேட்கும்.

பாதியாக்கும்போது உதிரும் அந்த ஒரே பிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வெட்டி எறிந்தால் சராசரியாகக் கால் அலகு (மீதமிருக்கும் கடைசி பிட்டின் மதிப்பே ஒரு அலகு) கீழ்நோக்கிய சாய்வு வரும். அரையை எப்போதும் மேலே முழுமையாக்கினால் சாய்வு போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். போவதில்லை, கால் அலகு மேல்நோக்கி மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு பிட் மட்டும் உதிரும்போது நேர் பாதி மதிப்புகள் இரண்டில் ஒரு முறை வருவதே காரணம். இந்தச் சாய்வு கூட்டல் கிளையில் கட்டந்தோறும் சேர்ந்து, பூச்சிய அதிர்வெண்ணில் இல்லாத ஒரு கோட்டைக் காட்டும். நேர் பாதி வந்தால் இரட்டைப்படை எண்ணுக்கு முழுமையாக்குங்கள், அல்லது ஒரு கட்டத்தில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் முழுமையாக்குங்கள்.

இவற்றில் துடிப்புக் கணக்கும் வங்கிப் பிரிப்பும் உங்கள் சிப்பைச் சாராதவை. அவற்றை அப்படியே நம்பலாம். 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பட்டர்ஃபிளை நேரத்துக்குள் அமருமா என்பது சிப்பின் தரத்தையும் இடைவிடைகளைப் பிடித்துவைக்கும் ரெஜிஸ்டர்கள் எத்தனையை இடையே வைக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. மின்செலவில் எந்த அமைப்பு வெல்லும் என்று நான் பொதுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்; என் அனுபவம் எஃப்பிஜிஏவில்தான், தனிப்பயன் சிப்பில் அல்ல. நீளமான தாமத வரிசையை நகர்த்தும் ரெஜிஸ்டர்களாகக் கட்டினால் ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாச் சொற்களும் இடம் மாறும், ரேமில் வட்ட வரிசையாக வைத்தால் ஒரு சொல் மட்டுமே மாறும் என்பதை மட்டும் இரு இடங்களுக்கும் பொதுவாகச் சொல்லலாம்.

கடைசியாக ட்விடில் அட்டவணையும் சோதனையும். சைன், கொசைன் மதிப்புகளின் சமச்சீரைப் பயன்படுத்தினால் எட்டில் ஒரு பங்கு கோணங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1024 புள்ளிக்கு 0 முதல் 128 வரை, அதாவது 129 இடங்கள். 129 என்பது கண்ணுக்கு உறுத்தும் எண். ஒரு முறை, முதல் கட்டத்துக்கு மட்டும் இப்படிச் சுருக்கிய அட்டவணை வைத்த ஒரு ரேடிக்ஸ்-2 பைப்லைனில், நானே அதை 128 என்று எழுதிவிட்டேன். 128-ஆவது முகவரி ஏழு பிட்டில் 0 ஆகச் சுருண்டு, 45 பாகைக்குப் பதில் 0 பாகையின் மதிப்பைத் தந்தது. சோதனைகளெல்லாம் தேறின. பூச்சியத்தில் ஒரு துடிப்பு உள்ளீடு (இது கிளாக் துடிப்பு அல்ல; ஓர் இடத்தில் மட்டும் மதிப்பு, மற்ற இடங்களில் பூச்சியம்) கொடுத்தேன், தேறியது. மாறாத மதிப்பு கொடுத்தேன், தேறியது. 100-ஆவது, 256-ஆவது அதிர்வெண்களில் தூய அலை கொடுத்தேன், அவையும் தேறின. பல நாட்கள் கழித்து, ஒற்றைப்படை எண் கொண்ட அதிர்வெண்ணில் அலை வந்தபோது முகட்டுக்குச் சுமார் 50 டெசிபெல் கீழே ஓர் இரைச்சல் தரை எழுந்தது. அதுவும் ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும். அதைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. பூச்சியத்தில் உள்ள துடிப்பு, 0 பாகைக் காரணியை மட்டுமே தொடும். மாறாத மதிப்பும் இரட்டைப்படை அதிர்வெண் அலைகளும் முதல் கட்டத்தின் கழித்தல் கிளையில் பூச்சியமாகிவிடுவதால், அங்குள்ள ட்விடில் காரணிகளில் ஒன்றைக்கூட அவை சோதிக்கவே இல்லை.

அன்றிலிருந்து 1024 இடங்களிலும் ஒவ்வொன்றாகத் துடிப்பு வைத்து, வரும் விடையை மென்பொருள் மாதிரியோடு பிட்டுக்கு பிட் ஒப்பிடுகிறேன். பிறகு நிரம்பி வழிதலைப் பிடிக்க முழு வீச்சு அலைகளும் தற்போக்கு எண்களும் கொடுக்கிறேன், ஏனெனில் தனித் துடிப்பு ஒருபோதும் சொல்லின் எல்லையை முட்டாது. சிமுலேட்டரில் 1024 உருமாற்றங்கள் ஓட நேரம் பிடிக்கலாம். சிப்பிலேயே உங்கள் மாதிரி வீதத்தில் ஓடவிட்டால் அந்த முழுச் சுற்றும் சுமார் 52 மில்லிநொடியில் முடிந்துவிடும்.